ஓம், சாப்பிட்டது

எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். கெட்ட செய்தி எதுவானாலும் எனக்கு உடனே சொல்லிவிட வேண்டும். நேரம் பார்த்து, முகம் பார்த்து, தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொல்லுகிற வேலையெல்லாம் வேண்டாம். கட்டின மனிசனும் பெற்ற மகளும் இந்தச் சட்டத்துக்குத் தலையாட்டியவர்கள். தலையாட்டுவதற்கு எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் சும்மா வரவில்லை. மகள் என் வயிற்றில் இருந்தபோது நாங்கள் ஜெர்மனியில் அகதி முகாமில் ஒரு அறைக்குள் இருந்தோம். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் என் அம்மா செத்துப்போனார். செய்தி இவருக்கு, என் மனிசனுக்கு, வந்தது, முகாமில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியாது. பிள்ளைத்தாச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாதாம். "அம்மா எப்படி?" என்று நான் கேட்கும்போதெல்லாம் இவர், "ஓம், சுகமாம், சாப்பிட்டவாவாம்" என்பார். அம்மா என்ன சாப்பிட்டார் என்றுகூட ஒருநாள் கேட்டேன். "புட்டு" என்றார். கர்த்தரே, புட்டாம்! பிள்ளை பிறந்து, அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்து முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். எல்லோரும் அழுது முடித்து, முகம் கழுவிவிட்டிருந்த நேரத்தில் நான் தனியே அழத் தொடங்கினேன். அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன்.

இனி நாயின் கதை.

எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்திவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கடைசி நேரத்தில் யாரும் வராதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்து நெஞ்சு பழுதான ஒரு பெரியவர் அங்கே வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரு நாய் இருந்தது. கட்டைக் கால், நீட்டு உடம்பு, தாடி வைத்த மூஞ்சி. இல்லத்தில் நாய்க்கு இடமில்லை என்றார்கள். அப்படியென்றால் எனக்கும் இடம் வேண்டாம் என்று பெரியவர் தன் பெட்டியோடு வாசலிலேயே குந்திவிட்டார். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, "நான் கொண்டுபோறன்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டேன்.

வீட்டில் இவர் கத்தினார். "நாயையோ? வீட்டுக்குள்ளயோ? உமக்கென்ன விசரே? மாதா சுரூபம் இருக்கிற வீடு!"

"மாதாவுக்கு நாய் பிடிக்காதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

பிறகு பார்த்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் இவருடைய பாதத்தின்மேல்தான் நாய் படுத்திருக்கும். கால் விறைத்தாலும் மனிசன் அசைய மாட்டார். அதனுடைய ஜெர்மன் பெயர் எங்கள் வாயில் சரிவரவில்லை. "தம்பி" என்று கூப்பிட்டோம், அதுவும் "தம்பி, இஞ்ச வா" என்றால் வாலை ஆட்டிக்கொண்டு வரப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அதைப் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போவேன். இருவரும் இல்லத்துத் தோட்டத்தில் ஒரே மரவாங்கில் குந்தியிருந்து மூச்சிரைப்பார்கள்.

பெரியவர் படுத்த படுக்கையான பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தம்பிக்கு மிருக வைத்தியரின் இடம் என்றால் சரியான பயமாம். குட்டியாக இருந்தபோது அங்கே ஏதோ சத்திரசிகிச்சை நடந்ததாம். "அவனுக்குக் கடைசி வரும்போது நீ பக்கத்தில் நில். உன் சத்தம் அவனுக்குக் கேட்கவேண்டும்" என்றார். சத்தியமாக நிற்பேன் என்றேன். ஜெர்மன்காரர் வாக்குக் கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பார்கள். கரி ஏறி நீலக் கோடு விழுந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் போன அன்று நான் அந்தக் கையைத்தான் பிடித்திருந்தேன். தம்பி கட்டிலின் கால்மாட்டில் படுத்திருந்தது. பொறுப்பான தாதி காணாதமாதிரி வெளியே போய்விட்டார், நல்ல மனிசி.

சில வருடம் கழித்துத் தம்பிக்கு வருத்தம் வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, சத்தி எடுத்தது, மெலிந்து முதுகெலும்பு தெரிந்தது. சிறுநீரகம் பழுது என்றார் வைத்தியர். அவர் ஒரு பெண், கட்டையாக வெட்டிய நரைத்த தலை, சுறுசுறுப்பான கைகள். வேகமாகக் கதைப்பவர். என் ஜெர்மன் இல்லத்து ஜெர்மன். திரும்புங்கள், குடியுங்கள், எங்கே நோகிறது, பயப்படாதீர்கள், அவ்வளவும் தண்ணீர்பட்ட பாடு. வைத்தியர்கள் கதைக்கிற ஜெர்மன் வேறு சாமான். அதற்கு எப்போதும் மகள்தான். இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயதிலேயே தாய் தகப்பனுக்கு வாயாகவும் காதாகவும் ஆனவர்கள். விசா அலுவலகமா, பள்ளிக்கூடமா, ஆசுப்பத்திரியா, பிள்ளை நடுவில் நிற்கும். என் வயிற்றில் கட்டி என்று பயந்த நாளில்கூட, எட்டாம் வகுப்புப் படித்த இவள்தான் நடுவில் இருந்து எனக்குச் சொன்னவள். இப்போது டுசல்டோர்ஃபில் பல்கலைக்கழகம் போகிறாள். தம்பிக்கு டெர்மின், அதுதான் வைத்தியரிடம் போகிற நாள், என்றால் ரயில் பிடித்து வந்துவிடுவாள்.

முதல்நாளே வைத்தியர் வாசலில் வைத்து அவளிடம் சொன்னேன். "பிள்ளை, டொக்டர் என்ன சொன்னாலும் அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"ஓமம்மா, எனக்குத் தெரியாதே?" என்றாள்.

வீட்டிலேயே சேலைன் ஏற்றப் பழக்கினார் வைத்தியர். பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப்பிடித்து, அதற்குள் ஊசியைச் செருகி, பையை யன்னல் கொளுக்கியில் தொங்கவிட வேண்டும். தோலுக்கடியில் தண்ணீர் இறங்கித் தோள்பட்டை உப்பும். அந்த நேரம் முழுக்க நான் அதன் காதுக்குள் கதைத்துக்கொண்டிருப்பேன். செபமாலைகூட அப்படித்தான் சொல்லி முடித்தேன். இவர் ஊசியைக் கண்டதும் குப்பை கொட்டப் போய்விடுவார். மகள் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் ஊசிக்குப் பயப்படாதவர்கள் நானும் தம்பியும்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு இந்தத் தகப்பனும் மகளும் சேர்ந்துதான் எனக்கு மனத்தைரியம் இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

சாப்பாடு பெரிய பாடு. உப்பில்லாத, ஒரு விதமாக மணக்கிற தகரப் பேணிச் சாப்பாடு. அதைத் தவிர வேறெதுவும் கூடாது. எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் நாயைப் பார்த்து நெஞ்சில் கை வைப்பார்கள். "ஐயோ பாவமக்கா, உப்புப் புளி இல்லாமல் இந்தச் சீவன் எப்பிடித் தின்னும்?" வாய் பாவம் சொல்லும்போதே கை மேசைக்கடியால் ஆட்டிறைச்சி ரோல்சை நீட்டும். இரக்கத்தினாலேயே ஆளைக் கொல்லுகிற சாதி நாங்கள். ஒருநாள் வேலையால் வந்து தம்பியைத் தூக்கினால் தாடியில் கருவாட்டு மணம்! பொரித்த கருவாடு! உப்பிலேயே ஊறியது! இவரைப் பிடித்து ஒரு பிடி பிடித்தேன்.

"சாகப்போற சீவன், ஆசைக்கு ஒரு துண்டு குடுத்தன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீர்?" என்றார்.

"சாகப்போகுதெண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

இவர் குசினி வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையைக் கழுவினாள். எனக்கு அப்போது கோபத்தில் கண் தெரியவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் டெர்மினுக்குப் போய் வந்திருந்தோம். வைத்தியர் அன்றைக்கு வேகமாகக் கதைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மகளைப் பார்த்து மெல்லக் கதைத்தார், இடையிடையே என்னையும் பார்த்தார். இல்லத்தில் சாகக்கிடப்பவர்களின் பிள்ளைகளை அறைக்கு வெளியே கூப்பிட்டு டொக்டர் கதைக்கும்போது அந்த முகத்தை நான் கண்டிருக்கிறேன்.

"என்னவாம்?"

"மருந்து கொஞ்சம் மாத்தித் தாறாவாம். குடுத்துப் பாப்பமாம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையே?"

"இல்லையம்மா."

நான் பெற்ற பிள்ளையின் வாயை நம்பாமல் வேறு யாருடைய வாயை நம்புவது? நம்பினேன்.

ஆவணி மாதத்தில் ஜெர்மனியில் இருக்கிற எங்கள் கத்தோலிக்க ஆட்கள் கெவலார் மாதா கோயிலுக்குத் திருநாளுக்குப் போவார்கள். ஒவ்வொரு நகரத்திலிருந்தும் பஸ் பிடித்து, பட்டுச்சேலையும் சாப்பாட்டுப் பார்சலுமாக ஒரே சனவெள்ளம். தம்பிக்காக மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி வைத்திருந்தேன். நாய்க்கு நேர்த்தி வைக்கலாமா என்று கேட்காதீர்கள், நான் வைத்தேன். ஆனாலும் அந்த நிலையில் அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. "இந்த வருசம் நான் போகேல்லை" என்றேன்.

எந்த வருடமும் பஸ் நெரிசலையும் என் சேலையையும் பற்றிப் புறுபுறுக்கிற மனிசன், "இஞ்சாரும், நேர்த்தியை வைச்சிட்டுப் போகாமல் விடக்கூடாது. நீர் போயிட்டு வாரும், நான் பாக்கிறன்" என்றார். மகள், "நானும் நிக்கிறன் அம்மா. சேலைன் நாங்கள் ஏத்த வேண்டிய தேவை இல்லை, காலமை நீங்களே ஏத்திப்போட்டுப் போங்கோ" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன தங்கமான மனிசன், என்ன தங்கமான பிள்ளை என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றி எரிகிறது.

காலையில் சேலைன் ஏற்றினேன். தம்பி என் கையை நக்கியது. கதவடிவரை நடந்தே வந்தது, அவ்வளவு பெலன் அதற்கு இருந்தது. "பின்னேரம் வந்திடுவன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

பூசை முடிந்து, மெழுகுதிரியையும் கொளுத்திவிட்டு, பஸ்கள் நிற்கிற இடத்திலிருந்து இவருக்குக் கைத்தொலைபேசியில் எடுத்தேன்.

"தம்பி என்ன செய்யுது?"

"ஓம், சாப்பிட்டது. படுத்திருக்கு."

"எவ்வளவு சாப்பிட்டது?"

"நல்லாச் சாப்பிட்டது."

பின்னால் ஒரு நாய் குரைத்தது. பெரிய நாயின் தடித்த குரல். "அதென்ன சத்தம்?" என்றேன். "ரீவியில" என்றார். நான் சந்தோசத்தோடு பஸ் ஏறி, பக்கத்தில் இருந்தவருக்கு, "எங்கட தம்பி இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டதாம், மாதா கேட்டிட்டா" என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அதன் கூடை இல்லை, தண்ணீர்ச் சட்டி இல்லை, நிலம் கழுவித் துடைத்திருந்தது. மகள் வந்து கட்டிப்பிடித்தாள். தம்பி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவருடைய பாதத்தில் தலையை வைத்துப் படுத்ததாம், அப்படியே போய்விட்டதாம். வெயில் காலம், வைத்திருக்க ஏலாது என்று வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்றாம். மகள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தாள். குடித்தேன், அழுதேன். நிற்க முடியவில்லையே என்று மனம் கிடந்து அடித்தது. ஆனாலும் பயந்த இடத்தில் இல்லை, வீட்டில், இவருடைய காலடியில் போனதே என்று ஆறுதல்பட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியவரின் கல்லறைக்குப் போனேன். என் உடைந்த ஜெர்மனில் அவருக்கு எல்லாம் சொன்னேன். வீட்டில்தான் போனது, நோகவில்லை, பயப்படவில்லை, நன்றாகச் சாப்பிட்டது என்றேன். இவர்கள் என் வாயில் ஊற்றிய பொய்யை நான் கொண்டுபோய் அந்த மனிசனின் தலைமாட்டில் ஊற்றிவிட்டு வந்தேன்.

மிஞ்சிய சேலைன் பைகளும் உடைக்காத பேணிகளும் வீட்டில் கிடந்தன. இன்னொரு நாய்க்கு உதவட்டும் என்று வேலைக்குப் போகிற வழியில் வைத்தியரிடம் கொண்டுபோனேன். தனியே போனது அதுதான் முதல் தடவை. மகளுக்குச் சொல்லவில்லை, பையைக் கொடுத்துவிட்டு வருவதற்கு வாய் எதற்கு?

வைத்தியரே வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டு ஆளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவன் அமைதியாக இருந்தான். உங்கள் மகள் பிடித்திருந்தாள். ஊசி போட்டதும் சீக்கிரம் முடிந்துவிட்டது. நீங்கள் வரும்வரைக்கும் பொறுக்கலாம், இன்னும் சில நாள் தாங்குவான் என்று நான் சொன்னேன். நீங்கள் நிற்க விரும்பவில்லை, அது உங்கள் விருப்பம் என்று மகள் சொன்னாள். எனக்கு விளங்குகிறது, எல்லோராலும் ஏலாது.

அவர் நல்லது செய்வதாக நினைத்து இன்னொன்றும் சொன்னார். "இங்கே காத்திருந்தபோது, கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிப் பார்த்தான்."

அந்த ஜெர்மனில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை. காத்திருக்கும் அறையில் வைத்தியர் வளர்க்கிற பெரிய நாய் குரைத்தது, அதே தடித்த குரல். தொலைபேசியில் நான் கேட்டது இந்த அறையைத்தான். "சாப்பிட்டது" என்று இவர் சொன்ன நேரம் தம்பி உயிரோடு இருந்திருக்கிறது. தொலைபேசியை அதன் காதில் வைத்திருந்தால் என் சத்தமாவது கேட்டிருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை, பாவிகள்.

அன்று பின்னேரம் இருவரையும் குசினியில் இருத்திவைத்துக் கேட்டேன். இவர் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான்..." மகள் அழுதாள். "அது கஷ்டப்பட்டது. நீங்கள் விடமாட்டியள். அப்பாவும் நானும் யோசிச்சு, நீங்கள் இல்லாத நாளாப் பாத்து..."

"நாள் பாத்தனீங்களோ? மாதாட திருநாளை?"

"உங்கட நன்மைக்குத்தான்."

"என்ர வேலை என்ன பிள்ளை? எத்தினை பேற்ற கண்ணை இந்தக் கையால மூடியிருக்கிறன்? ஊரில உள்ள கிழடுகளுக்கெல்லாம் நான் போதும், எங்கட நாய்க்கு நான் போதாதோ? போகட்டும் எண்டு நானே சொல்லியிருப்பன். நான் கேட்டது அதைச் சாகவிடாதை எண்டில்லை. நான் நிக்கவேணும் எண்டு."

இவர் மெல்ல வாயைத் திறந்தார். "உம்மட அம்மா செத்த நேரமும் இப்பிடித்தான், சொல்லாமல் விட்டபடியால்தான் பிள்ளை சுகமாப் பிறந்தது..."

இத்தனை வருடம் கழித்தும் அதை ஒரு கெட்டித்தனமாகத்தான் மனிசன் வைத்திருக்கிறார். அந்த இரகசியத்தில் சுகமாகப் பிறந்த பிள்ளை எதிரே இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தகப்பனிடமிருந்து அதையும் படித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஒருநாள் மகள் தானாகவே வந்து, "என்ன செய்தால் அம்மா மன்னிப்பியள்?" என்று கேட்டாள். அவளைப் பெரியவரின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழுத்த இலைகள் கல்லின்மேல் கிடந்தன. அதைக் கூட்டித் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

"நான் இவருக்குப் பொய் சொல்லிப்போட்டன். நீ குடுத்த பொய். இப்ப நீ சொல்லு. உனக்குத்தான் நல்ல ஜெர்மன் வரும். நடந்ததை அப்பிடியே சொல்லு, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு கல்லைப் பார்த்தபடி நின்றாள். மெல்லத் தொடங்கினாள். தம்பிக்கு வந்த வருத்தத்தைச் சொன்னாள், சேலைனைச் சொன்னாள், வைத்தியர் சொன்னதைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள். சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, அவள் முகம் இளகிவிட்டது. திரும்பவும் கல்லைப் பார்த்து, அழகான, பிழையில்லாத ஜெர்மனில் சொன்னாள்:

"அம்மா அவன் பக்கத்தில் இருந்தார். அம்மாவின் சத்தம் அவனுக்குக் கேட்டது."

என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள்.

நான் பிடிக்கவில்லை. குனிந்து, கல்லில் கையை வைத்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி, என் இல்லத்து ஜெர்மனில் சொன்னேன்:

"இல்லை. நான் அங்கே இருக்கவில்லை."